ஐந்தருவியில் செருப்பு எண்ணுகிறவர்

1

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு, என் அண்ணன் தென்காசியிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டார். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எங்களுக்கும் ஊருக்கும் கோடையில் ஏழரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை பத்தேகால்.

"ஏட்டி சிவகாமி, ஒம் மக எனக்கு ஒரு பேப்பர் அனுப்பிருக்காளே, பாத்தியா?"

"என்ன பேப்பர்ண்ணே?"

"நாலு பக்கம். மொதப் பக்கத்துலயே எம் பேரு கொட்டை எழுத்துல கெடக்கு. போன் நம்பரு, கடை விலாசம், எல்லாம் போட்டிருக்கா. சொத்து கித்து எழுதி வச்சிட்டாளோன்னு ஆசையாப் பாத்தேன். ஒண்ணும் வெளங்கல."

அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அது பயணத் திட்டப் படிவம். என் மகள் நிலாவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத் தோழிகள் இரண்டு பேருடன் வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு இரவு, மூன்று பகல். எந்தப் பாதை, எந்தக் குடிலில் தங்கல் என்பதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். "நீங்கள் திரும்பாவிட்டால் உதவிக்கு அழைக்கப் போகும் நம்பிக்கைக்குரிய நபர்" என்ற கட்டத்தில் அவள் என் பெயரை எழுதவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் துண்டும் வேட்டியும் விற்கும் தன் தாய்மாமன் பெயரை எழுதியிருந்தாள்.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டே வரிதான் இருக்கிறது. "மாலை 5.45, அண்ணன் பேசினார். படிவத்தில் நான் இல்லை."

2

நம் ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டில் வந்து வியந்த முதல் பத்து விஷயங்களில் அது ஒன்று.

இங்கே அரசு அலுவலகப் படிவங்கள் நம் ஊர்ப் படிவங்களுக்குச் சளைத்தவை அல்ல. என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, என் பெயரை நடுப்பெயராக்கி, ஒரு வருடம் என்னை வேறு யாரோவாகவே வைத்திருந்தார்கள். ஆனால் மலைக்குப் போகிறவர் நிரப்பும் இந்தக் காகிதத்தில் ஒரு கேள்விகூட வீண் இல்லை. யார் யார் போகிறீர்கள், உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா, எந்தப் பாதை, மழை வந்தால் எந்த மாற்றுப் பாதை, மேலங்கி என்ன நிறம், எத்தனை நாள் சாப்பாடு. கடைசியில் இரண்டு நேரம் கேட்பார்கள். எப்போது திரும்புவதாக உத்தேசம் என்பது ஒன்று. எந்த நேரம் தாண்டினால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

நடப்பவர்கள் இரவு தங்க மலைமேல் கட்டியிருக்கும் குடிலுக்குள்ளே மேசைமேல் ஒரு தடித்த நோட்டு இருக்கும். தங்கினாலும் தங்காவிட்டாலும் வருகிறவர்கள் பெயர் எழுதி, அடுத்து எங்கே போகிறோம் என்றும் எழுதிவிட்டுப் போவார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, காவலுக்கும் ஆள் இல்லை. அந்த நோட்டைப் புரட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. வைத்தியர், தச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எழுபது வயதுத் தம்பதி என்று எல்லாருடைய கையெழுத்தும் ஒரே வரிசையில் இருக்கும்.

பையில் என்ன வைக்க வேண்டும் என்பதில் நான் செய்த தவறுகளையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முதல் பயணத்துக்கு நிலாவின் பையில் பருத்திப் பனியன், பருத்திக் கால்சட்டை, அண்ணன் கடை ஈரிழைத் துண்டு என்று அடுக்கியிருந்தேன். நம் வெயிலுக்குப் பருத்தியைவிட நல்ல துணி இல்லை. இந்தக் குளிரில் அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோடை மாதத்திலும் மலைமேல் அப்படி விறைத்துப் போகிறவர்கள் உண்டு. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் தையலில்கூட நீர் புகாத மழை அங்கி, இதுதான் வரிசை. மாற்றுடுப்பைப் பைக்குள் ஒரு கனத்த பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்க வேண்டும். பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பக் கூடாது, காற்று அடித்தால் அது பறந்துவிடும்.

காலணியைச் சாயங்காலம் போய் வாங்க வேண்டும், நடந்து நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். வாங்கி ஒரு மாதம் வீட்டைச் சுற்றி நடந்த பிறகுதான் மலைக்கு. விசில், நெற்றியில் கட்டும் விளக்கு, காகித வரைபடம், மருந்துப் பொட்டலம், ஒருநாள் கூடுதல் சாப்பாடு, இவை இல்லாமல் கிளம்பக் கூடாது. கைக்கடக்கமான ஒரு அபாயக் கருவியும் உண்டு. பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி போகும், அவர்கள் உடனே படிவத்தில் இருப்பவருக்குப் போன் போடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அமுக்க வேண்டும். கால் வலிக்கிறது, நேரமாகிவிட்டது என்பதற்கெல்லாம் கூடாது.

இந்தத் தடவை ஈரிழைத் துண்டை நான் எடுத்து வெளியே வைத்தேன். நிலா மறுபடி உள்ளே வைத்தாள். "கால் துடைக்க" என்றாள். பாதம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதும் இவர்கள் விதிதான், அதனால் விட்டுவிட்டேன்.

3

"ஏன் மாமா பேரு?" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். என் கணவர் அந்த மாதம் வேலைக்காக வடக்குத் தீவில் இருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான்.

நிலா தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பவள். மூன்று வருடமாக ஆங்கிலத்திலேயே தொடங்கிவிடுகிறாள். அன்று தமிழிலேயே பேசினாள், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அம்மா, நீ கோபப்படாதே. நீ சீக்கிரமா கூப்பிடுவே."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு முந்திய வருடம், ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைக்கு அவள் இதே தோழிகளுடன் போயிருந்தாள். அந்தப் படிவத்தில் என் பெயர்தான் இருந்தது. திரும்பும் நேரம் மாலை நான்கு, போலீசுக்குச் சொல்ல வேண்டிய நேரம் இரவு எட்டு. எங்கள் கூடத்தில் பால் மாதிரி நான்கு மணிக்கு வரும் என்றால் நான்கு மணிக்கு வரும். வராவிட்டால் நான்கு ஐந்துக்கு நான் போன் போடுவேன், அதுதான் என் வேலை. அன்றைக்கும் அப்படித்தான். நான்கு நாற்பதுக்குப் போலீசைக் கூப்பிட்டு அழுதுவிட்டேன். எட்டு மணி என்ற இரண்டாவது நேரத்தை அவர்களிடம் சொல்லவே இல்லை. சிரித்த முகத்துடன் ஒரு வனக்காவலர் ஜீப்பில் போய்ப் பார்த்தபோது மூன்று பேரும் வண்டி நிறுத்துமிடத்தில் கல்மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்களாம்.

"ஆனா எனக்கு இங்கிலீஷ் தெரியும். மாமாவுக்குத் தெரியாதே. அவரு எப்படிப் போலீஸ்ட்ட பேசுவாரு?"

"மாமா கத்துப்பாங்க" என்றாள். பிறகு ஒரு பிடி சாதத்தைத் தட்டில் உருட்டிக்கொண்டே, "மாமா செருப்பு எண்ணுவாங்க, இல்லையா?" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு ஜூலை மாதத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது.

4

என் அண்ணன் சங்கரன் வருடத்தில் ஒன்பது மாதம் தென்காசியில், கோயில் பக்கத்துத் தெருவில், வீட்டின் முன்பகுதியிலேயே துணிக்கடை வைத்திருப்பவர். சீசன் மூன்று மாதமும் ஐந்தருவிக்குப் போகும் பாதையில் தகரக் கூரை போட்ட கடை. துண்டு, கால்சட்டை, சீயக்காய்ப் பொட்டலம், நல்லெண்ணெய், செல்போனை நனையாமல் போட்டுவைக்கும் உறை. இந்த ஊர் மலைச் சாமான் கடைகளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அண்ணன் கடையும் அதே இனம்தான். தண்ணீருக்குப் போகிறவருக்கு வேண்டியதைத் தருகிற கடை.

குளிக்கப் போகிறவர்கள் செருப்பை அவர் கடை ஓரத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். காசு வாங்க மாட்டார். இரண்டு கேள்வி கேட்பார்: "எத்தனை பேரு? எம்புட்டு நேரம்?" பதில் வந்ததும் அந்தக் கூட்டத்தின் செருப்புகளை ஒன்றாகச் சேர்த்து, துணிக்கரையில் கிழித்த ஒரு நாடாவால் முடிந்து போடுவார். எல்லாரும் வந்த பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பார். இரண்டு பேர் முன்னால் வந்து, "அண்ணாச்சி, எங்க செருப்பை மட்டும் தாங்க" என்றால் கொடுப்பார், ஆனால் மிச்சத்தை மறுபடி முடிவார்.

ஒரு சீசனில் மலைமேல் மழை பெய்து, தண்ணீர் நிறம் மாறி, போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். சுரண்டைப் பக்கமிருந்து வந்த ஒரு கூட்டம் அவசர அவசரமாக வேனில் ஏறி, தலையை எண்ணி, பன்னிரண்டு பேரும் வந்தாச்சு என்று கிளம்பப் பார்த்தது. அண்ணன் போய் வேன் முன்னால் நின்றுகொண்டார். "பன்னெண்டு ஜோடிலா கட்டினேன். ஒண்ணு எங்கிட்ட கெடக்கு." உடை மாற்றும் இடத்துக்குப் பின்னால், கணுக்கால் சுளுக்கி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி வந்தார்கள். எண்ணியவர் தன்னையே இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்.

நாங்கள் போன அந்த ஜூலையில் நல்ல சாரல். நிலாவுக்குப் பதினாறு வயது. கடையில் செருப்பை விட்டுவிட்டு, "அரை மணி நேரம் மாமா" என்றாள். எனக்கு முன்னாலேயே குளித்து முடித்து, மறுபக்க வழியாக ஏறி, வெறுங்காலோடு எங்கேயோ போய்விட்டாள். பெண்கள் பக்கத்தில் அவளைக் காணவில்லை என்றதும் நான் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினார். "நியூசிலாந்து நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் நிலா எங்கிருந்தாலும் உடனடியாக…" என்று அருவிச் சத்தத்துக்கு மேல் அலறியது. நாலு பேர் என்னைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள். ஒரு அம்மாள், "வெளிநாட்டுப் பிள்ளையாம், பாவம், பாஷை தெரியாதே" என்று கண்ணைத் துடைத்தார்.

நான் கடைக்கு ஓடினேன். அண்ணன் ஒருவருக்குத் துண்டு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிலாவக் காணும்!"

"கேட்டுச்சு. ஊரே கேட்டுச்சுல்லா. இன்னும் மூணு நிமிசம் இருக்கு" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மூன்று நிமிடம் கழிந்ததும் அவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நிலாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கே இங்கே தேடாமல் நேராகப் பழக்கடைகளுக்கு நடந்தார். செருப்பை விடும்போது அவள் ரம்புட்டான் பழத்தைக் காட்டி என்ன பழம் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். கடைசிப் பழக்கடைக்குப் பின்னால், ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டு வெளியே வர வெட்கப்பட்டு, பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அண்ணன் அவளை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. செருப்பைக் கீழே வைத்து, "ஒரு ஜோடி மிச்சம் இருந்துச்சு, தாயி. போட்டுக்கோ" என்றாராம்.

நான் திட்டியது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த ஒரு வரி நினைவிருக்கிறது.

5

வியாழக்கிழமை அண்ணன் நிலாவுக்கு நேரடியாகப் போன் போட்டார். படிவத்தைப் பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்வி வைத்திருந்தார். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தண்ணி வந்து வழிய மறிச்சுட்டுன்னா எத்தனை நாளைக்குச் சோறு இருக்கு?"

"ஒரு நாள் எக்ஸ்ட்ரா, மாமா."

"தண்ணில எறங்கலாமா கூடாதான்னு மூணு பேருக்கும் சண்டை வந்தா யாரு சொல்லு நிக்கும்?"

"யாரு வேண்டாம்னு சொல்றாங்களோ அவங்க."

"அது போதும். பூட்ஸப் படம் புடிச்சு அனுப்பு. மூணு பேரோடதும். மேலயும் வேணும், அடியும் வேணும்."

"அடி எதுக்கு மாமா?" என்று அவள் சிரித்தாள்.

"எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்காது. செருப்புத்தான் ஞாபகம் இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். சனிக்கிழமை பிற்பகலில் மழை தொடங்கியது. முன்னறிவிப்பில் சொன்னதைவிட அதிகமாகப் பெய்தது. இந்தப் பாதையில் கடைசிக் குடிலுக்கும் சாலைக்கும் நடுவே பாலம் இல்லாத ஒரு ஓடை இருக்கிறது. வெயில் நாளில் முழங்கால் அளவு. நம் ஊர் அருவிகளைப் போலத்தான், மேலே பெய்கிற மழை கீழே வந்து சேரும்போது அது வேறு ஓடை. இந்த நாட்டில் மலைக்குப் போய் உயிரைவிட்டவர்கள் கதையைக் கேட்டால் பாதிக் கதையில் இப்படி ஒரு ஓடை வரும். சந்தேகம் இருந்தால் இறங்காதே, உட்கார் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுத்ததைப் பத்தொன்பது வயதில் மூன்று பேர் சேர்ந்து நிற்கும்போது கேட்பார்களா என்பதுதான் என் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. படிவத்தில் முதல் நேரம். வரவில்லை. ஆறு இருபதுக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். கடையில் ஆள் இருக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, ஆறு மணி தாண்டிட்டு. வரல."

"தெரியும். இங்கன பத்தரைக்கு அலாரம் வச்சிருந்தேன், அடிச்சிட்டு."

"அப்ப போலீசுக்குப் போடுங்க."

"எதுக்கு? பேப்பர்ல திங்கக்கெழம மத்தியானம் பன்னெண்டுன்னுலா போட்டிருக்கு."

"மழை ஊத்துதுண்ணே!"

"ஊத்தட்டும். ஊத்துனா ஓடைல தண்ணி வரும். தண்ணி வந்தா எறங்க மாட்டேன்னு அவ எங்கிட்டச் சொல்லிருக்கா. எறங்காதவ எப்படிட்டி ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவா? இந்த மழையில கரெக்டா ஆறு மணிக்கு வந்து நின்னாத்தான் நான் பயந்திருப்பேன்."

"அடிபட்டுக் கெடந்தா?"

"பொத்தான் பெட்டி வச்சிருக்காள்லா? அமுக்குனா எனக்குத்தான் போன் வரும். வரல." பிறகு குரலைத் தணித்து, "எனக்கு மட்டும் கல்லு நெஞ்சா? இங்கன ஆணில ஒரு நாடாவ முடிஞ்சு போட்டிருக்கேன். வெள்ளிக்கெழமையில இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

"நான் போடப்போறேன், அண்ணே."

அவர் கடையில் யாரோ வேட்டி விலை கேட்பது காதில் விழுந்தது.

"போடு. பெத்தவ நீ. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா அவ ஏன் ஒம் பேர எழுதலன்னு ஒரு நிமிசம் யோசிச்சுட்டுப் போடு." அதே மூச்சில் பக்கத்தில் யாரிடமோ, "இல்ல அண்ணாச்சி, எட்டு முழ வேட்டி, கரை சாயம் போவாது, தைரியமா எடுங்க" என்றார்.

போலீஸ் எண்ணைப் போனில் அடித்து வைத்திருந்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்காமல் இருப்பது அண்ணன் சொன்ன ஒரு நிமிடத்தோடு முடியவில்லை. ஆறரைக்கும் ஏழுக்கும் எட்டுக்கும் அதே வேலையாக இருந்தேன். நாட்குறிப்பில் மணிக்கு ஒரு வரி: "7.00, மழை. 8.00, மழை. 9.00, குறைவு."

6

திங்கட்கிழமை விடுப்புச் சொன்னேன். காலை எட்டுக்கு மழை முழுவதுமாக நின்றது. அங்கே அண்ணன் தூங்குகிற நேரம், போன் போடவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு அவரே கூப்பிட்டார். தென்காசியில் விடிவதற்கு முன், நாலு இருபது.

"குளிச்சாச்சு. ஒங்க ஊரு மணி இப்ப என்ன? செகண்டோட சொல்லு."

சொன்னேன். தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்.

"இனி நீ எனக்குப் போடாத. என் போனு சும்மா இருக்கணும். அவிய திருப்பிக் கூப்பிடுவாவ."

"அண்ணே, நான் பேசட்டுமா? ஒங்களுக்கு இங்கிலீஷ்ல..."

"எழுதி வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து அடித்தால் இங்குள்ள அவசர எண் எடுக்காது. அதை யோசித்து, அந்த வட்டாரக் காவல் நிலையத்தின் முழு எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு நிலா படிவத்தில் எழுதியிருந்தாள். இதைப் படிக்கிற யாராவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இப்படிப் பொறுப்பு நிற்பதானால் அந்த எண்ணை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு இருபதுக்கு என் போன் அடித்தது. அந்த நிலையத்து அதிகாரி, நிதானமான குரல்.

"உங்கள் சகோதரர் பேசினார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டேன். 'நோ சார், ஐ ரீட், யூ ரைட்' என்றார். வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன்."

அண்ணன் வாசித்தது தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த ஆங்கிலம். பிற்பாடு எனக்குப் படம் அனுப்பினார். "மை நேம் ஈஸ் சங்கரன். ஐ ஆம் ட்ரஸ்டட் பெர்சன். த்ரீ கேர்ள்ஸ் நாட் ரிட்டர்ண்ட். ரிவர் இன் லாஸ்ட் பார்ட். தே வில் சிட், தே வில் நாட் கிராஸ். ஃபுட் அப் டு மண்டே நைட். பட்டன் நாட் பிரஸ்ட்." இப்படிப் பதினாறு வரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு கோடு போட்டிருந்தார், மூச்சு விடுவதற்காம்.

"இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்" என்றார் அதிகாரி. "நான் கேட்பதற்கு முன்னாலேயே மூன்று பேரின் காலணி அடித்தடத்தையும் படமாக அனுப்பிய முதல் ஆள் அவர்தான். எங்கள் ஆட்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்."

நான் என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "நேற்று மாலையே நான் கூப்பிட்டிருந்தால்?"

"கூப்பிட்டதற்காக யாரையும் நாங்கள் குறை சொல்வதில்லை" என்று தொடங்கி, கொஞ்சம் யோசித்து, "ஆனால் இந்த ஆட்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. இங்கே ரொட்டிக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை. நேற்று இருட்டில் அந்த ஓடை பக்கம் இவர்களை அனுப்பலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும். அந்த முடிவு எடுக்காமல் தப்பித்தேன்" என்றார்.

என் மகளை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ரொட்டிக் கடைக்காரர் அதுவரை மனசில் வரவே இல்லை.

இரண்டு ஐந்துக்கு மறுபடி போன். தேடப் போனவர்கள் ஒரு மணி நேரம் நடப்பதற்குள் மூன்று பேரும் பாதையில் எதிரே நடந்து வந்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் ஓடையைப் பார்த்ததும் நிலா வேண்டாம் என்றிருக்கிறாள். மற்ற இரண்டு பேருக்கும் போய்விடலாம் என்று எண்ணம். வேண்டாம் என்கிறவர் சொல்லே நிற்கும் என்று முதலில் பேசிக்கொண்டபடி குடிலுக்குத் திரும்பி, நோட்டில் நேரம் எழுதிவிட்டு, ஈரத்தைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு, சூப் வைத்துக் குடித்துப் படுத்திருக்கிறார்கள். காலையில் தண்ணீர் எட்டியிருந்த இடத்தில் கல் அடுக்கி அடையாளம் வைத்து, தண்ணீர் இறங்கும் வரை காத்திருந்து, விழுந்தால் பையை உதறிவிட வசதியாக அதன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, தோளோடு தோள் கோத்துக் கடந்திருக்கிறார்கள். எதிரே வந்த ஆசிரியை, பேசுவதற்கு முன் அவர்களைக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் காலணியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாராம்.

நாட்குறிப்பில் "2.05" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அவரு இப்பத்தான் எங்கிட்டச் சொல்லி வச்சாரு. 'கேர்ள்ஸ் ஓகே'ன்னாரு. அதுக்கு மேல அவரு பேசுனது ஒண்ணும் வெளங்கல, தேங்க்யூ சார் தேங்க்யூ சார்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "ஏட்டி, வீட்டுக்கு வந்துட்டாளா?"

"இல்லண்ணே. வந்துகிட்டிருக்கா."

"அப்ப வரட்டும்" என்றார்.

7

ஐந்தரைக்கு வந்தார்கள். மூன்று பேரும் என் வீட்டு வாசலில். நிலா கன்னத்தில் சேறு. ஈரிழைத் துண்டு கழுத்தில் கிடந்தது. தோழிகள் இருவரும் முதலில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். சாம்பார் வைத்திருந்தேன். உள்ளே போய்ச் சாப்பிடுங்கள் என்றேன்.

நிலா மட்டும் வாசல் படியில் உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ நேத்து போலீசுக்குப் போன் பண்ணினியா?"

"இல்லை."

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"பன்னெண்டு மணி ஆகலையே."

ஒரு காலில் பூட்ஸோடும் ஒரு காலில் ஈரக் காலுறையோடும் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சேறு என் சட்டையில் ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து ஆங்கிலத்தில், "படிவத்தில் இன்னொரு கட்டமும் இருக்கு, அம்மா. இரண்டாவது நபர்" என்றாள். தமிழில் சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளும் உள்ளே போன பிறகு வாசலைப் பார்த்தேன். சேறும் புல்லும் ஒட்டிய பூட்ஸ்கள் படி முழுக்கச் சிதறிக் கிடந்தன, ஒன்று கவிழ்ந்து, ஒன்று செடிக்குப் பக்கத்தில். எடுத்து ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அங்கே காலை பத்தேகால், கடை திறந்திருக்கும்.

இரண்டு நிமிடத்தில் அவர் குரல் பதிவு வந்தது. பின்னால் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன்ட்டி. மூணு ஜோடி, சரியா இருக்கு. முடிச்ச அவுத்துட்டேன்."